இரண்டாவது வண்டியின் சாவி

ஹார்லோவில் எல்வா தேயரைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பத்தோரு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பஸ் ஓட்டியவள். வெர்மான்ட்டின் அந்த வடக்கு மூலையில் ஐந்து மாதம் ரோடு கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். பனி உருகினால் சக்கரம் பாதி முங்குகிற சேறு. அத்தனையிலும் அவள் பஸ்ஸில் ஏறிய ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. ரோட்டைக் கடக்க வேண்டிய பிள்ளைகள் ஓரமாக நின்று அவள் முகத்தையே பார்க்க வேண்டும். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால்தான் காலை எடுத்து வைக்கலாம். அவசரக்குடுக்கை யாராவது முன்னாலேயே ஓடிவந்தால், பஸ்ஸை அங்கேயே நிறுத்தி, திரும்ப ஓரத்துக்கு அனுப்பி, முதலிலிருந்து கடக்க வைப்பாள். பின்னால் எத்தனை கார் காத்துக் கிடந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

அவள் புருஷன் ராய்ஸும் டிரைவர்தான். காட்டில் வெட்டின மரத்தை ஏற்றிக்கொண்டு அறுவை ஆலைக்குப் போகும் லாரியை நாற்பது வருஷம் ஓட்டினான். ஒரே வீட்டில் இரண்டு டிரைவர் இருந்தால் என்ன ஆகும்? எங்கே கிளம்பினாலும் யார் ஓட்டுவது என்று தகராறு. அதனாலேயே அவர்களிடம் எப்போதும் இரண்டு வண்டி இருந்தது. அவனுக்கு ஒரு பழைய பச்சை பிக்கப், அவளுக்கு ஒரு சின்னக் கார்.

காட்டில் நடக்கும் பழக்கம் வந்ததும் இந்த டிரைவர் உத்தியோகத்தால்தான். வாரம் முழுக்க உட்கார்ந்தே இருந்ததில் இரண்டு பேருக்கும் இடுப்பு வலி. நடங்கள் என்றார் டாக்டர். ஊருக்கு வடக்கே மேப்பிள் மரமும் பீச் மரமுமாக அடர்ந்த ஒரு குன்று. அதன் முகட்டின் மேல் நாலு மைலுக்கு ஒரு பாதை போய், அந்தப் பக்கம் இருக்கும் குளத்தங்கரையில் முடியும். முதல் தடவை பாதி தூரம் போனதுமே ராய்ஸ் நின்றுவிட்டான்.

"திரும்பி வரும்போது இதே மரத்தையேதான் மறுபடி பாக்கணுமா? இருபது வருஷமா ஒரே ரோட்டுல போயிட்டு வந்துட்டிருக்கேன், எல்வி. நடக்கறதாவது ஒரு வழியாப் போகட்டுமே."

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். இரண்டு வண்டியிலும் கிளம்பி முதலில் குளத்தங்கரைக்குப் போவது. அங்கே பிக்கப்பை விட்டுவிட்டு, இரண்டு பேரும் காரில் இந்தப் பக்கம் வந்து, காரை நிறுத்திவிட்டு நடப்பது. முகட்டைத் தாண்டி இறங்கினால் பிக்கப் காத்துக்கொண்டிருக்கும். அதில் ஏறி வந்து காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு. வண்டியில் போகிற தூரம் நடக்கிற தூரத்தைவிட ஏழெட்டு மடங்கு என்று ஊரே கேலி செய்தது. அவர்கள் காதில் வாங்கவில்லை. அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை, இலை உதிரும் சமயத்தில், பத்தொன்பது வருஷம் விடாமல் போனார்கள்.

இருபதாவது வருஷத்துக்குள் ராய்ஸின் மூளையில் இருள் விழ ஆரம்பித்திருந்தது.

முதலில் பெயர்கள் போயின. அப்புறம் அடுப்பை அணைக்க மறந்தான். பிப்ரவரியில் ஒருநாள் பால் வாங்கப் போனவன், ஐம்பது மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க்கில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் எல்வாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இனிமே அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, எல்வா. உங்களுக்கு நான் விளக்கணும்னு இல்ல."

எல்வா பிக்கப் சாவியைக் கதவோரக் கொக்கியிலிருந்து எடுத்து, தையல் மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தாள். ராய்ஸ் கத்துவான், சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒன்றுமே கேட்கவில்லை. தினமும் காலையில் காப்பிக் கோப்பையோடு கொக்கியின் முன்னால் போய் நிற்பான். கொஞ்ச நேரம் பார்ப்பான். பிறகு வந்து உட்கார்ந்துகொள்வான். எல்வாவுக்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அக்டோபர் பிறந்தது. ஒரு வியாழக்கிழமை, சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"சனிக்கிழமைதானே முகடு?"

எல்வாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. முந்தின நாள் என்ன சாப்பிட்டான் என்று அவனுக்குத் தெரியாது. இது நினைவிருக்கிறது.

பக்கத்து வீட்டு ஹாலிஸ் அதைக் கேள்விப்பட்டு வேலியோரமாக வந்தான். மனைவியை இழந்து தனியாக இருப்பவன், உதவி என்றால் முதல் ஆள்.

"இதுல என்ன யோசனை? பிக்கப்பை நான் கொண்டுபோய் குளத்துக்கிட்ட விட்டுர்றேன். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா நடந்து வாங்க."

எல்வா சரி என்றாள். ஆனால் வெள்ளிக்கிழமை அதை ராய்ஸிடம் சொன்னபோது அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஹாலிஸா? அவன் ரிவர்ஸ் எடுத்தாலே கோழிக்கூண்டு இடிஞ்சு போயிரும். அவன் ஓட்டி, நான் பக்கத்துல மூட்டை மாதிரி உக்காந்து வரணுமாக்கும்."

"மூட்டைன்னு யாரு சொன்னா?"

"நீ சொல்லலை. சாவிய ஒளிச்சு வச்சிருக்கே பாரு, அது சொல்லுது." குரலில் கோபமே இல்லை. "ஒரே ஒரு தடவை, எல்வி. நீ பின்னாலயே வா. நான் தப்புப் பண்ணினா ஹாரன் அடி."

அன்று முழுக்க எல்வா தனக்குத்தானே கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினோரு மைல். போக்குவரத்தே இல்லாத ரோடு. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற வழி. பின்னால் தான் இருக்கப் போகிறோம். இதெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானம் என்று பிற்பாடு அவளே சொன்னாள். உண்மை வேறு. எட்டு மாதமாக அவனுக்குச் சட்டை மாட்டி, மாத்திரை எண்ணிக் கொடுத்து, ஒரு நோயாளியோடு குடித்தனம் செய்து அலுத்துப் போயிருந்தாள். ஒருநாளாவது பழைய புருஷன் வேண்டும் போலிருந்தது. சனிக்கிழமை காலை ஹாலிஸுக்கு ஃபோன் செய்து, "வேண்டாம், நாங்களே பாத்துக்கறோம்" என்றாள். நூல்கண்டுகளை ஒதுக்கிச் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் எவ்வளவு அழகாக ஓட்டினான்! திருப்பத்துக்குத் திருப்பம் சிக்னல் போட்டான். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலத்தில் எதிர்வண்டிக்கு வழிவிட்டுக் கையை உயர்த்தினான். பின்னால் வந்த எல்வாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. குளத்தங்கரையில் பிக்கப்பை நிறுத்திவிட்டு இறங்கியவன், தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கேட்டான்.

"என்ன மேடம், டிரைவிங் டெஸ்ட்ல பாஸா?"

"ரோட்டு நடுவால வந்தே. பாதி மார்க்குதான்."

காரில் இந்தப் பக்கம் வந்தார்கள். பறவை வேட்டைக் காலம். வேட்டைக்காரர்கள் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க, இருவரும் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு மரங்களுக்குள் நுழைந்தார்கள். மேப்பிள் இலைகள் பாதிக்குமேல் கொட்டிவிட்டன. பீச் மட்டும் செம்புத் தகடு மாதிரி இலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. காலடியில் சரசரவென்று ஒரே சத்தம். ராய்ஸ் முன்னால் நடந்தான். எந்தப் பாறை வழுக்கும், எந்த ஓடையில் எந்தக் கல்லில் கால் வைக்கவேண்டும் என்பதெல்லாம் அவன் கால்களுக்கு மறக்கவில்லை. கரடி நகம் பதிந்த ஒரு பீச் மரத்தைத் தட்டிக்கொடுத்து, "இவன் இன்னும் விழலையே" என்றான். முகட்டில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச்சும், ஆப்பிளோடு ஒரு துண்டுச் சீஸும் சாப்பிட்டார்கள். எல்வாவுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கினாற்போலிருந்தது.

அப்போதுதான் ராய்ஸ் கேட்டான்.

"குளத்துக்கிட்ட நமக்காக யாரு காத்திருக்கா?"

"யாருமில்ல. உன் பிக்கப் நிக்குது. காலைல நீதானே விட்டே?"

"அப்படியா?" என்றான். கொஞ்சம் யோசித்தான். "லோடு ஏத்தியாச்சா?"

எல்வா காப்பிக் குடுவையை மூடினாள். அப்போதே முடிவு செய்திருக்கலாம். சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். களைப்பில் உளறுகிறான் என்று விட்டுவிட்டாள்.

குளத்தங்கரையில் அவனே பிக்கப்பை எடுத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கார் நின்ற இடம் வரைக்கும் ஒரு குறையுமில்லாமல் வந்து சேர்ந்தான். மணி மூன்றரை. எல்வா இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ராய்ஸ், என் கார் இங்கேயே கெடக்கட்டும். நாளைக்கு ஹாலிஸோட வந்து எடுத்துக்கறேன். இப்ப தள்ளிக்கோ, நான் ஓட்டறேன்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"களைச்சுப் போயிருக்கே."

"நீயும்தான் களைச்சிருக்கே. எறங்கு, எல்வி. வீட்டுக்குத்தானே போறோம்."

கதவுப்பிடியில் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாளோ, அவளுக்கே தெரியாது. பிறகு இறங்கினாள். களைத்த ஆளுக்கு, முன்னால் போவதைவிட என் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு வருவது சுலபம் என்று நினைத்து, "இந்தத் தடவை நீ என் பின்னால வா" என்றாள்.

மாதா கோயில் முக்கில் ரோடு இரண்டாகப் பிரியும். வலது பக்கம் வீடு. நேரே போனால் பழைய அறுவை ஆலை. எல்வா வலது பக்கம் திரும்பினாள். நூறு அடி போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

குறுகலான மண் ரோட்டில் வண்டியைத் திருப்ப முன்னும் பின்னுமாக நாலு தடவை போகவேண்டியிருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் அவள் வேக அளவைத் தாண்டியதில்லை. அன்றைக்குத் தாண்டினாள். ஆலை ரோட்டில் இரண்டாவது மைலில், வளைவைத் தாண்டினதும் பச்சை பிக்கப் சாக்கடைப் பள்ளத்தில் சாய்ந்து நின்றது. ரோட்டோர வீட்டுத் தபால் பெட்டியின் மரக்கம்பம் வேரோடு பிடுங்கி எறிந்தாற்போல் இருபது அடி தள்ளிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சிறுமியின் ஊதா சைக்கிள். புல்லில் ஒன்பது வயசு டெஸா, வலது கையை மார்போடு பிடித்தபடி, அழக்கூட முடியாமல் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா கோரின் மண்டியிட்டு அணைத்திருந்தாள்.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வண்டியோரம் நின்றான். எல்வாவைப் பார்த்ததும், "லோடு லேட்டாயிருச்சு. ஃபோர்மேன் கத்துவான்" என்றான்.

டெஸா எல்வாவின் பஸ்ஸில் நாலு வருஷமாக வருபவள். எல்வா ஓடிவந்து குனிந்ததும் அந்தக் குழந்தை சொன்ன முதல் வார்த்தை:

"மிஸ் எல்வா, நான் ரோட்டுக்கு வரவே இல்ல. ஓரமாத்தான் நின்னேன்."

"தெரியும் கண்ணு. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

கோரின் நிமிர்ந்தாள். "அவருக்கு என்ன ஆச்சு? குடிச்சிருக்காரா?"

"இல்ல. அவருக்கு உடம்பு சரியில்ல. ஞாபகம் போயிருச்சு."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

கோரின் கத்தவில்லை. குழந்தையின் தலையைத் தன்மேல் அழுத்திக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள். "நீங்க கையத் தூக்காம எம் பொண்ணு ரோட்டைத் தாண்டமாட்டா. வீட்டு முன்னால விளையாடறப்பக்கூட, மிஸ் எல்வா சொல்லணும்னு நிப்பா. அவ்வளவு நம்பினா. எப்படி எல்வா சாவிய அவர் கைக்கு எட்ட விட்டீங்க?"

ஆம்புலன்ஸ் வந்து குழந்தையை ஏற்றிக்கொண்டு போயிற்று. அதன்பிறகு மாநிலப் போலீஸ்காரர் எல்வாவைத் தனியாக அழைத்துப் பேசினார். சின்ன வயசுக்காரர், நல்ல மனிதர். ராய்ஸ் போலீஸ் வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அவளுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார்.

"மிஸஸ் தேயர், இந்த மாதிரி நோய்ல நெறைய பேர் வீட்டுக்குத் தெரியாம சாவிய எடுத்துட்டுக் கெளம்பிருவாங்க. குடும்பத்தை யாரும் குத்தம் சொல்றதில்ல. இங்கேயும் அப்படித்தான் நடந்துச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நோட்டுப் புத்தகத்தில் பேனா முனை காத்திருந்தது. யாரும் மறுத்துப் பேசப் போவதில்லை. ராய்ஸுக்கு நினைவில்லை. ஹாலிஸ் வாயைத் திறக்கமாட்டான்.

"இல்லீங்க," என்றாள் எல்வா. "நான்தான் குடுத்தேன். டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருந்தார். ஒளிச்சு வச்சிருந்ததை எடுத்து நான்தான் அவர் கைல குடுத்தேன். அப்படியே எழுதிக்குங்க."

டெஸாவுக்குத் தோள்பட்டை எலும்பு விரிசல். முன்கை இரண்டு இடத்தில் முறிந்து, தகடு வைத்துத் தைத்தார்கள். கை பிழைத்தது. ஆனால் முழுசாக நீட்ட வராது என்று பிற்பாடு தெரிந்தது.

திங்கட்கிழமை காலை எல்வா பஸ் டிப்போவுக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தாள். மேலாளர் படித்துவிட்டு, "யாரும் உன்னப் போகச் சொல்லலையே. கொஞ்சம் பொறு" என்றார். "எந்த அம்மாவும் இனிமே என் பஸ்ல பிள்ளைய ஏத்தறப்ப ஒரு நிமிஷம் யோசிப்பா. அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அரசு வக்கீல் வழக்குப் போடவில்லை. ராய்ஸின் லைசென்ஸை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். தண்டனை என்று ஏதாவது வந்திருந்தால் தேவலையே என்று அவள் ஹாலிஸிடம் ஒருநாள் சொன்னாள். அவன் விறகைப் பிளந்துகொண்டிருந்தான்.

ராய்ஸுக்கு மறுநாளே எல்லாம் மறந்துவிட்டது. "என் பிக்கப் எங்கே?" என்று கேட்டான். எல்வா உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். அவன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "சின்னப் பொண்ணா? நானா?" மத்தியானம் மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள். மறுபடி முதல் தடவை கேட்பவன் மாதிரியே அழுதான். மூன்றாவது நாள் கேட்டபோது, "மெக்கானிக்கிட்ட நிக்குது. பிரேக் பாக்கறாங்க" என்றாள். "அதான் சரி" என்று அவன் சமாதானமாகிக் காப்பியைக் குடித்தான். அதற்குப்பின் அந்தச் சம்பவம் முழுக்க அவள் ஒருத்தியின் சுமையாயிற்று. கோரினுக்கு இரண்டு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. கடையில் கோரினின் கார் நின்றால் எல்வா உள்ளே போகாமல் திரும்பிவிடுவாள்.

மார்ச் முதல் செவ்வாயன்று, வருஷாவருஷம் நடக்கும் ஊர்க்கூட்டம். ராய்ஸை ஹாலிஸின் பொறுப்பில் விட்டுவிட்டு எல்வா போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அந்த வருஷம் பேச வேண்டிய விஷயங்களில் ஏழாவது ஆலை ரோட்டு வளைவு. அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், பஸ் நிறுத்தத்தை மாற்ற வேண்டும் என்று கோரின்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஒரு பெரியவர் எழுந்தார். "அன்னைக்கு நடந்ததுக்கு ரோடு என்னங்க பண்ணும்? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தானே?" கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது. யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் இருக்க அவர்கள் படுகிற பாடு எல்வாவுக்குத் தெரிந்தது.

அவள் எழுந்து நின்றாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நடந்தது ரோட்டோட தப்பு இல்ல, என் தப்பு. அதுல மாத்துப் பேச்சு இல்ல. ஆனா அந்த வளைவுல முப்பத்தோரு வருஷம் பஸ் நிறுத்தியிருக்கேன். மேல இருந்து வர்ற வண்டிக்குப் பிள்ளைங்க தெரியாது, கடைசி அறுபது அடியிலதான் தெரியும். நிறுத்தத்தை வளைவுக்கு இந்தப் பக்கம் மாத்துங்க. இத நான் எப்பவோ கேட்டிருக்கணும். என் கண்ணு இருக்குன்னு தைரியத்துல கேக்காம விட்டேன். கோரின் கேக்கறது நியாயம்."

உட்கார்ந்துவிட்டாள். கை தூக்கச் சொன்னார்கள். ஏழெட்டுப் பேரைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பன்றித் தொடைக்கறியும் வேகவைத்த அவரைக்கொட்டையும் இருந்த மேஜைப் பக்கம் நகர்ந்தபோது எல்வா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே கோரினும் வந்தாள். இரண்டு பேரும் படியில் நின்றார்கள். கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. கோரின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டிகள் நிற்கும் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"புது டிரைவர், பிள்ளைங்க உக்கார்றதுக்குள்ள வண்டிய எடுத்துர்றாராம். ஒத்தக் கையால கம்பியப் பிடிக்க டெஸாவுக்குக் கஷ்டமா இருக்கு. நான் சொன்னா கேக்கமாட்டேங்கறார்."

"நான் பேசறேன்."

"பேசுங்க," என்றாள் கோரின். படியிறங்கி, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துத் தன் காருக்குப் போனாள்.

எல்வா வீட்டுக்குப் போகிற வழியில் டிப்போவுக்கு வண்டியைத் திருப்பினாள். புது டிரைவர் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், முப்பது வயசு இருக்கும். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்காராமல், நடைவழியில் நின்றாள். "இங்க வாப்பா. மூணாவது வரிசையில உக்காரு. நீ ஒரு சின்னப் பிள்ளைன்னு வச்சுக்கோ, ஒரு கைதான் ஆடும்னு வச்சுக்கோ" என்று ஆரம்பித்தாள். அவன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான்.